கையில் குலுங்கிய வளையல்கள்

என் மனைவியின் வளைகாப்பில் வளையல் ஏறவில்லை. விரல் முதல் மணிக்கட்டு வரை வீங்கியிருந்தது. "புள்ள என்னமா பூரிச்சுப் போயிருக்கா!" என்று உறவுப் பெண்கள் மகிழ்ந்து, சோப்பு போட்டு வளையலை ஏற்றினார்கள். அவை கையைக் கவ்விக்கொண்டன. அசைத்தாலும் சத்தமில்லை.

"வளையச் சத்தம் வயித்துல இருக்கறதுக்குக் கேக்கணுமாம். எனக்கே கேக்கலீங்க" என்று என்னிடம் சிரித்தாள்.

ஒன்பதாம் மாதம் வலிப்பு வந்தது. மகளைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். ரத்த அழுத்தம் என்ற சொல் எங்கள் வீட்டுக்கு அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்தது.

அந்த மகள் இப்போது கர்ப்பமானதும், பெரம்பலூர் டாக்டரிடம் முதல் வேலையாக அவள் அம்மாவின் கதையைச் சொன்னேன். அழுத்தம் பார்த்தார், ரத்தம் எடுத்தார், கருப்பைக்குப் போகும் ரத்த ஓட்டத்தை ஸ்கேனில் பார்த்தார். "தலைப்பிரசவம், அம்மாவுக்கும் இருந்திருக்கு. வராதுன்னு சத்தியம் பண்ண முடியாது சார், வாய்ப்பைக் குறைக்கலாம்" என்று மூன்றாம் மாத முடிவிலிருந்து தினமும் இரவில் போட, குறைந்த அளவு ஆஸ்பிரின் எழுதினார். அழுத்தமும் சிறுநீரில் புரதமும் ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும்.

மகள் வாழ்க்கைப்பட்ட பூலாம்பாடியில் சம்பந்தியம்மா அந்த மாத்திரையை எடுத்து ஒளித்து வைத்துவிட்டார். மகள் போனில் சொன்னாள். மறுநாள் காலையிலேயே அரியலூரிலிருந்து பஸ் ஏறிப் போய் நின்றேன்.

"இது எங்க வூட்டுக்காரரு ஹார்ட்டுக்குப் போடுறதுங்க சம்பந்தி. மாசமா இருக்கற புள்ளைக்கு எதுக்கு?"

நான் வாதாடவில்லை. ஆட்சேபிப்பவரை விளக்கம் சொல்ல வேண்டியவர் எதிரிலேயே உட்கார வைத்துவிடுவது உத்தமம். அரசு அலுவலகத்தில் காலமெல்லாம் உட்கார்ந்து நான் கற்ற உருப்படியான நடைமுறை அது ஒன்றுதான். அவரையும் டாக்டரிடம் அழைத்துப் போனேன். மாத்திரை அதேதான், ஆனால் இவளுக்கு அம்மாவுக்கு வந்த அழுத்தம் வரும் வாய்ப்பைக் குறைக்க என்று டாக்டரே அவருக்கு விளக்கினார். அன்று முதல், "மாத்திரை போட்டியா?" என்ற அவர் குரல் டிவி சீரியலையும் மீறிப் போனில் எனக்குக் கேட்டது.

சென்ற வாரம் வளைகாப்பு. காலையில் அழுத்தம் பார்த்தோம், சரியாக இருந்தது. வேப்பங்குச்சிக் காப்புக்குப் பின் கண்ணாடி வளையல்கள் வழுக்கிக்கொண்டு ஏறின.

"என்னாடி, கை இம்புட்டு சூம்பிக் கெடக்கு? ஒம் மாமியா சோறு போடுறாளா இல்லியா?" என்றாள் ஒரு பெரியம்மா.

"சோறும் போடுறோம், மாத்திரையும் போடுறோம். நீ வளையலப் போடு" என்றார் சம்பந்தியம்மா.

வீக்கமில்லை என்பது ஒன்றுக்கும் சான்றில்லை. பிரசவம் முடிந்த பிறகும் சில வாரம் கண்காணிக்க வேண்டும். எனக்கு எல்லாம் தெரியும். இருந்தும் அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளருகே சந்தனம் பூச நிற்க வேண்டியவள் இல்லாத இடத்தையும்.

மகள் இரண்டு கைகளையும் உயர்த்திக் குலுக்கினாள்.

"அப்பா, கேக்குதா?"

"சரியாக் கேக்கலம்மா. இன்னொரு தடவை ஆட்டு" என்றேன்.