ரெண்டு பாதியும் உங்களுக்குத்தான்

எங்கள் அப்பா பேக்கரியில் கவுண்டரில் நிற்பவர். கடைக்கு வருகிறவர்கள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவர் 'பாதி அண்ணன்'. யாராவது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று, "இது நல்லா இருக்குமா?" என்று இழுத்தால் போதும், அப்பா அந்தக் கேக்கில் ஒரு விள்ளல் எடுத்து இரண்டாக உடைப்பார். ஒரு பாதி அவர்களுக்கு, மறு பாதி தன் வாய்க்கு. கண்ணை மூடி மென்று, தலையை ஒரு பக்கமாக ஆட்டுவார். அதைப் பார்த்த பிறகு வாங்காமல் போனவர்கள் குறைவு. விற்கிறவனே தின்கிறான் என்றால் பயமில்லை என்று ஜனம் நம்பும், அவ்வளவுதான்.

கடை முதலாளி ஒல்லியான மனிதர். கல்லாவை விட்டு நகரமாட்டார். தன் கடைப் பண்டத்தை அவர் தொட்டு யாரும் பார்த்ததில்லை. மதியத்துக்கு வீட்டிலிருந்து டப்பாவில் வெள்ளரிக்காய் வரும்.

ஒரு நாளைக்கு எத்தனை பாதி என்று அப்பா எண்ணியதில்லை. உடம்பு கணக்கு வைத்திருந்தது. ஏப்ரனின் கயிறு முதுகுப் பக்கம் எட்டாமல் போனபோது, கேக் பெட்டி கட்டும் சிவப்பு ரிப்பனில் ஒரு துண்டை அதோடு முடிந்து கட்டிக்கொண்டார். பின்னாலிருந்து பார்த்தால் யாருக்கோ பரிசு கொடுக்கக் கட்டி வைத்ததுபோல இருப்பார்.

ஒவ்வொரு வருட ஆரம்பத்திலும் அவர் ஒரு சபதம் எடுப்பார். இனிப்பைத் தொடமாட்டேன், உடம்பைக் குறைக்கிறேன். அம்மா துணி மடித்துக்கொண்டே கேட்டுக்கொள்வாள்.

"உங்க சபதம் எல்லாம் ஷட்டரைத் தூக்கற வரைக்கும்தான்."

"இந்தத் தடவ பாரு."

"பாத்துட்டுதானே இருக்கேன், கல்யாணம் ஆன நாள்லேர்ந்து. பாக்கப் பாக்கப் பெருசாத்தான் ஆகுது."

இந்த வருடம் சபதம் வருடத்தின் நடுவில் வந்தது. ஒரு ட்ரே கை நழுவி அவருடைய கால் பெருவிரலில் விழுந்தது. சின்னக் காயம்தான், ஆனால் ஆறவே இல்லை. நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்தார், அப்பாவின் வயிற்றைப் பார்த்தார், கடைசியாக விரலைப் பார்த்தார்.

"சுகரும் எடையும் குறையலேன்னா இந்த விரல எடுக்க வேண்டி வரும். அது விரலோட நிக்கும்னு சொல்ல முடியாது."

"நின்னு செய்யற வேலைங்க என்னுது," என்றார் அப்பா.

"அதனாலதான் சொல்றேன்."

எங்கள் குடும்பத்தில் காலேஜ் போன முதல் ஆள் நான். பட்டம் வாங்கி, வேலை மட்டும் கிடைக்காமல், மாலை நேரங்களில் அதே பேக்கரியில் பில் போட உட்கார்ந்திருந்தேன். அதனால் அடுத்த நாள் நடந்ததை நேரில் பார்த்தேன். வழக்கமாக வரும் டீச்சர் ஒருவர் புதிதாக வந்த கேக்கைக் காட்டினார். அப்பா விள்ளலை உடைத்து ஒரு பாதியைக் கொடுத்தார். மறு பாதி அவர் விரல்களுக்கு நடுவில் நின்றது. அது எந்தப் பக்கம் போகும் என்று தெரியாமல் நான் பில்லைத் தப்பாகப் போட்டேன். அப்பா அதையும் டீச்சரிடமே நீட்டினார்.

"ரெண்டு பாதியும் உங்களுக்குத்தான் டீச்சர்."

"ஏண்ணே, நீங்க சாப்பிடலையா? இதுல ஏதாவது..."

"கேக் நல்லாத்தான் இருக்கு. கெட்டுப் போனது நான்தான். சுகர்."

டீச்சர் சிரித்துவிட்டு வாங்கிக்கொண்டார். எல்லோரும் டீச்சர் இல்லையே. சிலர் கொடுத்த பாதியை முகர்ந்து பார்த்தார்கள். "பாதி அண்ணனே திங்கறதில்லையாம்" என்ற பேச்சு கிளம்பியது. அப்பா 'சுகர்' என்று சொல்லும்போதெல்லாம் கல்லாவில் இருந்த முதலாளி, யாரோ கிள்ளிவிட்டதுபோல நெளிந்தார்.

"ஏன்யா, கேக் விக்கற எடத்துல நின்னு சுகர் சுகர்னு ஏலம் போடறியே, உனக்கே நல்லாருக்கா?"

"கேட்டாங்க, சொன்னேன் முதலாளி."

"வயித்து வலின்னு சொல்லித் தொலையேன்."

"பேக்கரில நின்னு வயித்து வலின்னு சொன்னா இன்னும் நல்லாருக்குமா?"

முதலாளி கல்லாவைத் தட்டி மூடினார். அடுத்து உத்தரவு வந்தது. ஒன்று பழையபடி தின்ன வேண்டும், இல்லையென்றால் கவுண்டரை விட்டுவிட்டுப் பின்னறையில் பெட்டி மடிக்கப் போக வேண்டும். வாரக் கடைசி வரைக்கும் கெடு. ஜன்னல் இல்லாத அறை அது. ஆளோடு ஆள் பேசாமல் அப்பாவால் ஒரு மணி நேரம் இருக்க முடியாது.

வீட்டுக்கு வந்ததும் நான் ஒரு யோசனை சொன்னேன். "வாயில போட்டுக்கோங்க. அந்தப் பக்கம் திரும்பித் துணியில துப்பிடுங்க. யாருக்குத் தெரியப் போகுது?"

அப்பா காலை நீட்டி உட்கார்ந்து காயத்துக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தார். "இத்தன வருஷம் நெஜமாத் தின்னு வித்தேன். இப்போ நெஜமாத் திங்காம விக்கறேன். நடுவுல நடிப்பு எதுக்கும்மா?"

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "என்னைப் படிக்க வைக்கத்தானேப்பா இவ்வளவும் தின்னீங்க."

"யார் சொன்னது? கேக் நல்லாருந்துச்சு, தின்னேன். உன் படிப்பக் கொண்டாந்து என் வயித்துல வைக்காத."

அம்மா அடுப்படியிலிருந்து சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. எந்த நேர்முகத் தேர்வில் கேட்டாலும் சொல்வதற்கு அப்பாவின் தியாகம் என்று ஒரு கதையைத் தயாராக வைத்திருந்தேன். கதைக்குச் சொந்தக்காரரே அதைப் பிடுங்கிவிட்டார். அவரைத் தியாகியாக்கி யாருக்கு நான் என்ன நிரூபிக்கப் பார்த்தேன்? இன்னும் தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து ஒரு பெரிய ஆபீஸின் மேனேஜர் வந்தார். ஆண்டு விழாவுக்குக் கேக் வேண்டுமாம், ஊழியர்கள் அத்தனை பேருக்கும். முதலாளி கல்லாவை விட்டு எழுந்து வந்து நாற்காலி போட்டார். அப்பா விள்ளலை உடைத்து இரண்டு பாதிகளையும் மேனேஜரிடம் நீட்டினார்.

"நீங்க சாப்பிடற அழகப் பாத்துத்தான் வாங்கணும்னு எங்க ஆபீஸ்ல சொல்லி அனுப்பினாங்க," என்றார் மேனேஜர். "சாப்பிடுங்க, பாப்போம்."

"நான் சாப்பிடறதில்ல சார்."

"நீங்க சாப்பிடாதத அத்தன பேருக்கு நான் எப்படிக் குடுக்கறது?"

முதலாளி அப்பாவின் காதோரம் குனிந்தார். அவர் ரகசியம் பேசினால் தெரு முனை வரை கேட்கும். "ஒரு வாய்யா. ஒரே ஒரு வாய்."

"எல்லா வருஷமும் என் சபதம் அந்த ஒரு வாய்லதான் போச்சு முதலாளி. இன்னிக்குப் போகாது. வேணும்னா இப்பவே பின்னால போயிடறேன். வாயில மட்டும் வைக்கமாட்டேன்."

மேனேஜர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். அந்தச் சத்தத்தில் முதலாளி பதறிப்போய் ஒரு பாதியைப் பிடுங்கித் தன் வாயில் போட்டுக்கொண்டார். "சார்! நான் திங்கறேன் பாருங்க! கடைக்காரனே திங்கறேன்!"

"சரி," என்று மேனேஜர் மறுபடி உட்கார்ந்தார். "அப்போ அந்தக் கிரீம் கேக்?"

அப்பா உடைத்துக் கொடுத்தார். முதலாளி தின்றார். அடுத்து சாக்லேட். அடுத்து முந்திரி போட்டது. மேனேஜர் நிதானமான ஆள், கண்ணாடிக்குள் இருந்த ஒன்றையும் விடவில்லை. வெள்ளரிக்காய்க்குப் பழகிய வயிறு எவ்வளவு தாங்கும்? ஆர்டரை எழுதி வாங்கும்போது முதலாளியின் நெற்றி வியர்த்திருந்தது. மேனேஜர் படியிறங்கியதும் ஸ்டூலில் சாய்ந்து ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்தார்.

"எப்படிய்யா இத நாள் பூரா..."

அப்பா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "இன்னும் கடை மூட நேரம் இருக்கு முதலாளி. வெளிய ஆளுங்க நிக்கறாங்க. வரீங்களா?"

முதலாளி கையெடுத்துக் கும்பிட்டார். "ரெண்டு பாதியையும் அவங்களுக்கே குடுத்துத் தொலை. என்ன விட்டுடு."

விரல் தப்பித்தது. நகம் மட்டும் கோணலாக வளர்ந்திருக்கிறது. காயம் ஆறிய பிறகு கடைக்கு நடந்தே போகிறார். எடை மெதுவாகத்தான் இறங்குகிறது. சிவப்பு ரிப்பன் இன்னும் ஏப்ரனில் இருக்கிறது, முடிச்சுக்கு வெளியே தொங்கும் வால் மட்டும் நீண்டிருக்கிறது. இதெல்லாம் பிறகு நடந்தது.

அன்றைக்குக் கடை மூடும்போது அப்பா ஷட்டரைக் கீழே இழுத்தார். அது தரையில் இடித்து நின்றது. பூட்டைப் போட்டு, இழுத்துப் பார்த்து, என் பக்கம் திரும்பினார்.

"உங்கம்மாவுக்குப் போனப் போடு. தூக்கின ஷட்டர எறக்கியும் ஆச்சு, சபதம் அப்படியே இருக்குன்னு சொல்லு."