பழைய ரிவால்வருக்குப் புதுத் தோட்டா

எங்கள் பெரியப்பாவிடம் ரிவால்வர் இருந்தது என்றால் இன்று யாரும் நம்புவதில்லை. நெல் மண்டி வைத்திருந்தவருக்கு ரிவால்வர் எதற்கு என்கிறார்கள். இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் அப்போது கார் கம்பெனியும் கிடையாது, தெருவிளக்கும் கிடையாது. வசூல் பையோடு ஸ்கூட்டரில் தனியாக வருகிறவர் என்று லைசென்ஸ் கொடுத்திருந்தார்கள். அதைக் கொண்டு அவர் ஒரு காக்கையைக்கூடச் சுட்டதில்லை. ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைப்பார், அவ்வளவுதான்.

தொண்ணூற்றொன்றில் தேர்தல் வந்தது. தேர்தல் என்றால் லைசென்ஸ் துப்பாக்கிகளைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும். பெரியப்பாவும் ஒப்படைத்தார். அந்த மே மாதம் பக்கத்து ஸ்ரீபெரும்புதூரில் நடந்ததை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஊரே கொஞ்ச நாள் கதவைச் சாத்திக்கொண்டுதான் பேசியது. ரிவால்வர் திரும்பி வந்தபோது பெரியப்பா வேறு ஆளாக இருந்தார். ஆயுதம் வீட்டில் இருந்தால் போதாது, வேலை செய்ய வேண்டும் என்றார். வறண்டு கிடந்த ஏரிக்குப் போய்ச் சுட்டுப் பார்த்தார். ‘டிக்’ என்றதே தவிர வெடிக்கவில்லை. அந்தத் தோட்டாக்களும் அவரைப் போலவே பல வருடம் சும்மா இருந்தவை.

உடனே என் அப்பாவைக் கூட்டிக்கொண்டு மெட்ராஸுக்குப் போனார். துப்பாக்கிக் கடையில் வழக்கமான தோட்டா தீர்ந்துபோயிருந்தது. கடைக்காரர் வெளிநாட்டுத் தோட்டாக்களை எடுத்துக் காட்டி, “சைஸ் ஒண்ணுதான் சார், போட்டா உக்காரும். ஆனா இதுல பிரஷர் ஜாஸ்தி. உங்களுது ரொம்பப் பழசு, தாங்கும்னு நான் சொல்ல மாட்டேன்” என்றாராம். பெரியப்பாவின் காதில் முன்பாதி மட்டும் விழுந்தது. அப்பாவுக்குப் பின்பாதியும் விழுந்தது. ஆனால் அண்ணன் எதிரில் வாயைத் திறந்து அப்பாவுக்குப் பழக்கமில்லை. பஸ்ஸில் ஊர் வரைக்கும் பேசாமல் வந்து அம்மாவிடம் சொன்னார். அம்மா பெரியம்மாவிடம் சொன்னாள். எங்கள் வீட்டில் எந்த உண்மையும் இப்படி ஊரைச் சுற்றித்தான் போக வேண்டிய இடத்துக்குப் போகும்.

சாப்பிடும்போது பெரியம்மா ஆரம்பித்தாள். “இன்னா, அந்தத் தோட்டாவப் போட்டா துப்பாக்கியே பிச்சிக்குமாமே?”

பெரியப்பா அப்பாவைப் பார்த்தார். அப்பா ரசத்தைப் பார்த்தார்.

“எவன் சொன்னான்? உள்ள போட்டுப் பாத்துட்டேன், கச்சிதமா உக்காருது.”

“நம்ம குக்கருக்கு வேற கம்பெனி வெயிட்டு கச்சிதமாத்தான் உக்காந்துச்சு. பருப்பு எங்க கீதுன்னு மேல பாருங்க.”

நாங்கள் எல்லோரும் அண்ணாந்து கூரையில் இருந்த மஞ்சள் கறையைப் பார்த்தோம். பெரியப்பா மட்டும் பார்க்கவில்லை. அலுமினியமும் இரும்பும் ஒன்றா என்று கேட்டார். பல நாள் இதே பேச்சு. பெரியம்மா கெஞ்சினாள், கோபித்தாள், வல்லக்கோட்டை முருகனிடம் போய் முறையிட்டும் வந்தாள். பெரியப்பா பிடித்த பிடியை விடவில்லை. கடைசியில் ஒருநாள், “போனா என் கைதானே போவும், வுடு” என்றார். அதற்குப் பிறகு பெரியம்மா அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. சண்டை முடிந்துபோனது என்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏரிக்குப் போனோம். கரையோரம் ஒரு எண்ணெய் டின்னை வைத்துவிட்டு அப்பா பிள்ளைகள் எங்களைத் தள்ளி நிறுத்தினார். பெரியப்பா புதுத் தோட்டாக்களைப் போட்டு முடித்த நேரத்தில் பெரியம்மா வந்து சேர்ந்தாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நேராக அவரிடம் போனாள்.

“குடுங்க, மொதல்ல நான் சுடறேன்.”

“உனக்கு இன்னாடி தெரியும்?”

“விசைய அழுத்தணும், அவ்ளோதானே. ஒண்ணும் ஆவாதுன்னு நீங்கதானே சொல்லிகினு இருக்கீங்க.”

பெரியப்பா சிரித்தார். அப்பாவைப் பார்த்து இன்னும் கொஞ்சம் சிரித்துவிட்டு, ரிவால்வரை அவள் கையில் கொடுத்தார். பெரியம்மா இரண்டு கையாலும் பிடித்து டின்னை நோக்கி நீட்டினாள். கை ஆடவில்லை. விரல் விசைக்குப் போனது.

“இரு” என்றார் பெரியப்பா.

“எதுக்கு?”

“வேணாம். இரு. குடு இங்க.”

அவள் மணிக்கட்டைப் பிடித்து ரிவால்வரை வாங்கிக்கொண்டார். திறந்து தோட்டாக்களைக் கையில் கொட்டினார். ஒன்று மண்ணில் விழுந்தது, அப்பா பொறுக்கினார். டின்னை அப்படியே விட்டுவிட்டுப் பெரியப்பா வீட்டைப் பார்த்து நடந்தார். தோட்டாக்கள் அந்த வாரமே கடைக்குத் திரும்பிப் போயின.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஒரு பொம்பளை துப்பாக்கி சுடுவதை நான் பார்த்ததே இல்லை. பார்க்க இருந்ததை இந்த மனிதர் கெடுத்துவிட்டார். பொம்பளைக்குச் சுட வராது என்று எண்ணிவிட்டார் என்று பெரியம்மாவுக்காகவும் சேர்த்து நானே கோபப்பட்டேன்.

“உன்ன மட்டும் ஏன் பெரிம்மா சுட வுடல?” என்று திரும்பும் வழியில் கேட்டேன்.

“எனக்குக் கை நடுங்கும்னு நெனச்சிட்டாரு போல” என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவமானத்தில் அழுகிறாள் என்று நினைத்தேன். ஆனால் முகம் சிரித்துக்கொண்டிருந்தது, அதுதான் எனக்கு விளங்கவில்லை.

நடுங்கியது அவள் கை இல்லை. தோட்டாக்களை எடுக்கும்போது பெரியப்பாவின் கைதான் நடுங்கியது, தள்ளி நின்ற எனக்கே அது தெரிந்தது. பாவம், பெரியப்பாவுக்கு வயதாகிவிட்டது என்று முடிவு செய்துகொண்டேன். அவருக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது.