தங்கம்மா சாகாத ஊர்

நேற்று சாயங்காலம் மகளுக்கு கிராஃப் நோட்டு வாங்க மன்னார்குடி கடைத்தெருவுக்குப் போனேன். பிரித்ததும் வந்த தாள் வாசனையில் நஸ்ரீன் நினைவு வந்துவிட்டது. பள்ளிக்கூடம் விட்டுக் களைத்து நிற்கிற நேரத்தில்தான் இதெல்லாம் வரும்.

கல்யாணத்துக்கு முன்னால் நானும் நஸ்ரீனும் செல்வியும் ஒரே பள்ளிக்கூடத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த டீச்சர்கள். விடுதியில் ஒரே அறை. சிங்கப்பூரிலிருந்து நஸ்ரீனின் அண்ணன் ஒரு விளையாட்டுப் புத்தகம் கொண்டுவந்திருந்தார். ஒருத்தி கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளாக நடமாட வேண்டும். நடப்பதைப் பகடை முடிவு செய்யும். கதை சொல்கிறவள் நஸ்ரீன்; கிராஃப் தாளில் ஆழித்துறை என்றொரு கற்பனைத் துறைமுக ஊரை வரைந்தாள். அங்கே செல்வி கொள்ளைக்காரி. நான் வைத்தியர். ஏழாம் வகுப்பை அடக்கத் தெரியாதவளுக்கு நல்ல வேஷம்தான்! அந்த ஊர் ஆட்களில் எனக்குப் பிடித்தவள் படகோட்டி தங்கம்மா. எப்போது போனாலும் "வாங்க வைத்தியரம்மா, சாப்டீங்களா?" என்பாள், நஸ்ரீனின் குரலில்.

அம்மாவுக்கு உடம்பு முடியாமல் இரண்டு மாதம் ஊரில் இருந்தேன். அம்மா பிழைக்கவில்லை. திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் விளையாட உட்கார்ந்தால், துறையில் வேறு யாரோ படகு ஓட்டினார்கள்.

"தங்கம்மா எங்கடி?"

"காய்ச்சல்ல போயிட்டா. நீ இல்லாதப்ப பகடை அப்படி விழுந்துச்சு."

"நான் வர்ற வரைக்கும் நிறுத்தி வைக்கக் கூடாதா?"

"நீ வரலன்னு ஊரு நிக்குமா?" என்ற நஸ்ரீன் என் முகத்தைப் பார்த்தாள். நோட்டில் எதையோ ரப்பரால் அழித்தாள். "சரி, அவ சாகல. இனிமே அங்க எதுவும் மாறாது. போதுமா?"

சொன்னபடியே நடந்துகொண்டாள். வாராவாரம் அதே படகு, அதே "சாப்டீங்களா". செல்வி கொள்ளையடித்த கடை அடுத்த வாரம் நிரம்பியிருக்கும். "எதுக்குடி அங்க போறோம்?" என்று அவள் கொட்டாவி விட்டாள். எனக்கும் தெரியவில்லை. தங்கம்மா பேசும்போதெல்லாம் இவள் செத்தவள்தானே என்று தோன்றும். கேட்டு வாங்கியவளே எப்படி வேண்டாமென்று சொல்வது? ஒரு ஞாயிறு, துணி துவைக்க வேண்டும் என்றேன். அத்தோடு சரி.

விடுதி இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். செல்வி சென்னைக்குப் போய்விட்டாள். நஸ்ரீன் துபாயில். நேற்று வீடு திரும்பியதும் போன் போட்டேன்.

"ஆழித்துறை ஞாபகம் இருக்காடி?"

கொஞ்சம் யோசித்தாள். "அது எங்க இருக்கு? கோடியக்கரை பக்கமா? நம்ம டூர் போனோமே, அதா?"

விளக்கிச் சொல்லத் தெம்பில்லை. ஆமாம் என்றேன்.