அவர் அசையவில்லை

அவர் இறந்த செய்தி மருத்துவமனைக்கு வந்தபோது, முழுப் பெயரைச் சொல்லியும் யாருக்கும் ஆள் பிடிபடவில்லை. "அட, நம்ம சர்வர்க்காரர்!" என்று ஒருவர் சொன்ன பிறகுதான் எல்லோரும் நாற்காலியிலிருந்து எழுந்தார்கள்.

ஸ்கேன் படங்கள் அத்தனையும் போய்ச் சேரும் லினக்ஸ் சர்வர் கணினிக்கு இருபத்திரண்டு வருடம் காவலாக இருந்தவர் அவர். அடித்தளத்தில் ஜன்னல் இல்லாத ஓர் அறை. இயந்திரங்களுக்காக எப்போதும் குளிர். கோடையிலும் ஸ்வெட்டர் போட்டிருப்பார். எப்போதாவது மேலே வந்தால், வெளிச்சம் தாங்காமல் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சுவரோரமாக நிற்பார்.

மேலே வந்தாலே வசவுதான். ஒரு படம் திறக்க நாற்பது விநாடி ஆகிக்கொண்டிருந்தது.

"படம் வர்றதுக்குள்ள நோயாளிக்கே தானா குணமாயிடும் போல இருக்கேய்யா" என்பார் படங்களைப் பார்த்து அறிக்கை எழுதும் பெரிய டாக்டர்.

சர்வர்க்காரர் சும்மா இருக்கவில்லை. யாராவது ஒரு படத்தைத் திறந்தால், திறந்த நேரத்தை சர்வர் ஒவ்வொரு முறையும் டிஸ்க்கில் குறித்துக்கொண்டிருந்தது. பார்ப்பதற்கே எழுதவேண்டிய கொடுமை. அதை நிறுத்தினார். கேட்பவர்களுக்குப் படக் கோப்புகளை எடுத்துக் கொடுக்க சர்வருக்குள் எட்டு இழைகள்தான், எட்டு வேலையாள் மாதிரி, இருந்தன. முப்பத்திரண்டாக்கினார். மெமரியைக் கூட்டினார். நாற்பது விநாடி பதினெட்டானது.

"பதினெட்டு விநாடி நான் என்ன பண்றது, சுவத்தப் பாத்துட்டு உக்காந்திருக்கவா?" என்றார் டாக்டர்.

மிச்சம் இருந்தது ஒரு வழி. சர்வரின் அமைப்புக் கோப்பு ஒன்றில் ஒரே ஒரு சொல்லை மாற்றவேண்டும். அதுவரை, வந்த படத்தை டிஸ்க்கில் எழுதி முடித்த பிறகுதான் சர்வர் ஸ்கேன் மெஷினுக்கு 'ஆச்சு' என்று பதில் சொல்லும். எழுதி முடிகிறவரை, படம் பார்க்க வந்தவர்களெல்லாம் காத்து நிற்பார்கள். சொல்லை மாற்றிவிட்டால், படம் மெமரிக்கு வந்ததுமே 'ஆச்சு' என்று சொல்லிவிட்டு, எழுதுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளும். நடுவில் கரண்ட் போனால், 'ஆச்சு' என்று சொன்னது ஆகாததுதான். இது அவருக்கு நன்றாகத் தெரியும். அதனாலேயே ஒரு வருடம் அந்தச் சொல்லின் பக்கமே போகவில்லை.

பிறகு ஒரு கூட்டத்தில், அத்தனை பேர் முன்னால், டாக்டர் அவர் பக்கம் கையைக் காட்டினார். "இவர் ஒருத்தரால அத்தனை நோயாளியும் காத்துக் கிடக்கறாங்க."

திங்கட்கிழமை காலை அவர் அந்தச் சொல்லை மாற்றினார்.

நான்கு விநாடி. டாக்டர் முதல்முறையாக அடித்தளத்துக்கு இறங்கி வந்து தோளில் தட்டிவிட்டுப் போனார். மத்தியானம் சர்வர்க்காரர் வீட்டுக்கு போன் செய்து மனைவியிடம் சொன்னார்: "நாலு விநாடி."

"நாலுன்னா நல்லதா கெட்டதா?"

"நல்லது."

பத்தொன்பதாம் நாள், தாழ்வாரத்தில் விளக்கு மாற்ற வந்த எலக்ட்ரீஷியன் தவறான சுவிட்சை இறக்கினார். சர்வர் அணைந்தது. ஆறு நிமிடத்தில் திரும்ப வந்தது. கொஞ்ச நேரம் கழித்து ஸ்கேன் எடுக்கும் பெண் படியிறங்கி ஓடிவந்தாள்.

"அண்ணே, இப்ப எடுத்த ஐயாவோட படம் காணோம். மெஷின் அனுப்பிட்டேன்னு சொல்லுது. அதோட காப்பிய அழிச்சிடுச்சு."

'ஆச்சு' என்ற பதில் வந்ததும் அழித்துவிட வேண்டும் என்று மெஷினுக்குச் சொல்லி வைத்ததும் அவர்தான். அதில் இடம் குறைவு. தேடினார். நோயாளியின் பெயரில் ஃபோல்டர் இருந்தது. உள்ளே எண்ணூறு கோப்புகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் அளவும் பூஜ்யம்.

"வெளியில என்னண்ணே சொல்றது? வழக்கமா சொல்றதையே சொல்லிடட்டுமா? அசைஞ்சிட்டாருன்னு?"

அவர் சரி என்று தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலை அவர் கடைசிவரை மறக்கவில்லை.

மேலே வந்தபோது தாழ்வாரத்தில் அந்த மனிதர் சக்கர நாற்காலியில் இருந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பக்கத்தில் மனைவி.

"ஒரு அஞ்சு நிமிஷம் கம்முனு படுத்திருக்கத் தெரியாதா உங்களுக்கு?"

"நான் அசையலடி. மூச்ச புடின்னாங்க, புடிச்சேன். விடுன்னாங்க, விட்டேன்."

"ஆமா, நீங்க அசையல. கட்டடம்தான் அசைஞ்சிருக்கும்."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். சர்வர்க்காரர் சுவரோரமாகவே நடந்து கீழே இறங்கிவிட்டார்.

உடம்பில் மருந்து ஏற்றி எடுக்கும் ஸ்கேன் அது. அந்த மருந்தைச் சிறுநீரகம்தான் வெளியேற்ற வேண்டும்; பஸ் டிரைவருக்கு அது ஏற்கெனவே பாதிதான் வேலை செய்துகொண்டிருந்தது. மறுநாள் இரண்டாவது முறை மருந்து ஏற்றினார்கள். மூன்றாம் நாள் நினைவு தப்பியது. ஒன்பதாம் நாள் பஸ் டிரைவர் போய்விட்டார்.

சர்வர்க்காரர் பெரிய டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார். "கரண்ட் போச்சு, படம் போச்சு. அவ்வளவுதான்யா. மனச போட்டுக் குழப்பிக்காத" என்றார் டாக்டர். அறிக்கையிலும் மின்தடை என்றே எழுதினார்கள். அவர் கீழே போய் அந்தச் சொல்லைப் பழையபடி மாற்றினார். பதினெட்டு விநாடி திரும்பி வந்தது. வசவும் வந்தது. யார் என்ன சொன்னாலும் அதன்பிறகு மாற்றவில்லை.

வீட்டில், கதவு பூட்டியாச்சா என்று மனைவி கேட்டால், பூட்டிவிட்டு வந்து உட்கார்ந்தவர்தான், மறுபடி எழுந்துபோய் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வந்து பதில் சொல்வார். "ஆச்சுன்னு ஒரு வார்த்தை சொல்ல இவருக்கு இவ்வளவு நடை" என்று மனைவி மற்றவர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். காரணம் அவளுக்கு ரொம்ப காலம் தெரியாது.

பதிவேட்டில் பார்த்த பஸ் டிரைவரின் முகவரி ஆறு வருடம் அவருக்கு மனப்பாடமாக இருந்தது. ஓய்வு பெற்ற வாரம் ஒரு காலையில் கிளம்பிப் போனார். மூன்றாவது மாடி. கதவைத் திறந்த அம்மாளிடம், தான் யார் என்பதைச் சொன்னார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். கடைசியாக, "அவரு அசையவே இல்லம்மா. தப்பு என்னோடது" என்றார்.

அந்த அம்மாள் கதவுப் பிடியை விடவில்லை.

"நினைவு தப்பற வரைக்கும் அதத்தான் சொல்லிட்டே இருந்தாரு. நான் பேச்ச மாத்துவேன். மறுபடியும் அதையே ஆரம்பிப்பாரு. கடைசி வரைக்கும் நான் நம்பல."

அவர் கைகூப்பினார்.

"போங்க" என்றாள். போய்ட்டு வாங்க என்று சொல்லவில்லை. அவரும் வர்றேன் என்று சொல்லவில்லை.

கதவு சாத்திக்கொண்டது. அவர் நாலைந்து படி இறங்கியிருப்பார். உள்ளேயிருந்து, மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அன்று கேட்ட அதே குரல் கேட்டது.

"ஏங்க, கேட்டீங்களா? நீங்க அசையலயாம்."

பதில் வரப்போவதுபோல் அவரும் நின்று கேட்டார். பிறகு கைப்பிடியைப் பற்றிக்கொண்டு அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.