சுலோச்சனாவின் ஓட்டு

என் மனைவி சுலோச்சனாவை அவளுடைய அண்ணன் ஆனந்தன் ஒருமுறை ஒரு படிவத்தில் பேனாவால் சாகடித்தான். அந்த நேரத்தில் அவள் புனேயில், எங்கள் வீட்டு வாசலில், கொத்தமல்லிக்காரியோடு மராத்தியில் சண்டை போட்டுக்கொண்டிருந்திருப்பாள். அவள் உண்மையிலேயே போனது சென்ற ஆவணியில்தான்.

கல்யாணமாகிப் புனே போனபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது. நான் திருப்புட்குழிக்காரன். பி.காம். முடித்துவிட்டு புனே போசரியில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். அவள் ஊர், பெருநகரில் பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு கிலோமீட்டர் உள்ளே. எங்களுக்குப் பிள்ளை இல்லை. இருபத்தாறு வருஷம் புனேயில் இருந்து மராத்தியை என்னைவிட நன்றாகப் பேசினாள். ஆனால் யாராவது "மதராசியா?" என்று கேட்டுவிட்டால் போச்சு. "மதராஸ் இல்ல. தமிழ்நாடு. உத்திரமேரூர் தாலுகா" என்பாள். கேட்டவர்களுக்கு உத்திரமேரூர் எந்தப் பக்கம் என்றே தெரியாது. தெரியாதது அவர்கள் குற்றம் என்பது போல முறைப்பாள்.

ரேஷன் கார்டு, காஸ், பாங்குப் புத்தகம் எல்லாம் புனே விலாசத்துக்கு மாறின. வாக்காளர் அட்டையை மட்டும் மாற்ற விடவில்லை. பஞ்சாயத்தோ பார்லிமென்டோ, எந்தத் தேர்தல் வந்தாலும் ரயிலேறிவிடுவாள். வண்டி திருத்தணியைத் தொட்டதும் தலையை அவிழ்த்து, வாரி, புதிதாகப் பின்னிக்கொள்வாள். அரக்கோணத்தில் இறங்கி, காஞ்சிபுரம் போய், பெருநகர் பஸ் பிடித்து, ஊர்ப் பள்ளிக்கூடத்து வரிசையில் நின்று ஓட்டுப் போட்டுவிட்டு மறுநாள் திரும்புவாள்.

குடியிருக்கும் இடத்தில்தான் ஓட்டு இருக்க வேண்டும் என்று சட்டம் உண்டு. சொல்லிப் பார்த்தேன்.

"இங்க நிக்கிறவன்ல எனுக்கு ஆரைத் தெரியும்?" என்றாள். "எவன் மூஞ்சியப் பார்த்துத் திட்றது? அங்கன்னா நிக்கிறவனோட மூணு தலைமொறையத் திட்லாம்."

அவளுடைய அம்மா அம்முலு ஒரு தை மாதத்தில் இறந்தார். அது எங்களுக்கு நாலாம் நாள்தான் தெரிந்தது. அதையும் ஆனந்தன் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு சரசு போன் செய்தாள், திட்டுவதற்காக.

"இன்னாடி சுலோ, பெத்தவளுக்கு ஒரு வாய்க்கரிசி போட வர முடியாத அளவுக்கு அங்க இன்னா வேலை உனுக்கு?"

"ஆருக்கு வாய்க்கரிசி?" என்று கேட்டாள் சுலோச்சனா.

எதிர்முனையில் சரசு பேசவில்லை. அந்த மௌனத்தில்தான் என் மனைவிக்கு அம்மா செத்தார்.

பிறகு விவரம் வந்தது. சாவு வீட்டில் கூடியிருந்தவர்களிடம் ஆனந்தன், "தங்கச்சிக்குச் சொல்லியாச்சு. வண்டி கெடைக்கலியாம். காத்துக்கினு இருக்க வேணாம், எடுத்துடுங்கன்னு சொல்லிடுச்சு" என்றிருக்கிறான். அவள் பேசாத பேச்சை அவள் வாயில் வைத்து, அந்தப் பேச்சின் பேரில் பிணத்தைத் தூக்கியிருக்கிறான். ஏன் என்பது ஆறு மாதம் கழித்துத் தெரிந்தது. அம்மா பேரில் இருந்த வீட்டுக்காக, வாரிசுச் சான்றிதழில் 'ஒரே வாரிசு' என்று வாங்கியிருந்தான். மகள் வந்து தலைமாட்டில் உட்கார்ந்து அழுதிருந்தால் அப்படி எழுத ஊரில் யாரும் சாட்சி சொல்லியிருக்க மாட்டார்கள்.

மனுப் போட்டால் மாற்றலாம் என்றேன்.

"வூட்ட அவனே வெச்சிக்கட்டும்" என்றாள். "நான் வேற ஒண்ணு வெச்சிக்கினு கீறேன் அவனுக்கு." அது என்னவென்று அவளுக்கே அப்போது தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன்.

இரண்டு வருஷம் போயிற்று. பஞ்சாயத்துத் தேர்தல் வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பியது. ஆனந்தன் வார்டு மெம்பருக்கு நிற்கப்போகிறான் என்று சரசு சொன்னாள். ஒரு நாள் சரசுவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டியிருந்த வாக்காளர் பட்டியல். சுலோச்சனா பேருக்கு எதிரே 'இறப்பு, நீக்கம்' என்று இருந்தது. அதற்கு மேல் வரியில், அதே கதவெண்ணில், அம்முலு, வயது எழுபத்தொன்று. எந்தக் குறிப்பும் இல்லை. உயிரோடு இருந்தார்.

"போன தேர்தல்ல நீ போட்டுட்டுப் போனப்பறம் உங்கம்மா ஓட்டு வியுந்துச்சுடி" என்றாள் சரசு. "ஆரோ ஒருத்திய இட்டுக்கினு வந்து போட வெச்சான். இந்த தடவையும் அந்த ஓட்டு அவனுக்கு ஓணும். உன் ஓட்டு ஓணாம்."

சுலோச்சனா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "வெளியூர் பூட்டான்னு எழுதிக் குடுத்திருந்தா கம்முனு இருந்திருப்பேன். அது நெசம். செத்துட்டேன்னு எழுதிக்கீறான் பாருங்க." ரயிலுக்கு டிக்கெட் போடச் சொன்னாள். கூட நானும் போனேன்.

பட்டியல் வேலை பார்த்தவர் ஆண்டாளம்மாள் என்ற அங்கன்வாடி டீச்சர். ஆட்சேபம் சொல்லக் கடைசித் தேதிக்கு நாலு நாள் இருந்தது. வீட்டில் வந்து விசாரித்துத்தான் பேரைத் திரும்பச் சேர்க்க முடியும் என்றார். எந்த வீட்டில் என்று கேட்டேன். பட்டியலில் எந்தக் கதவெண் இருக்கிறதோ அந்த வீட்டில். அதாவது ஆனந்தன் வீட்டில்.

டீச்சர் வந்தபோது காலை பத்து மணி இருக்கும். தெருக்குழாயில் தண்ணீர் வரும் நேரம், குடங்களோடு பத்துப் பெண்கள் நின்றிருந்தார்கள். சரசு முதல் ஆளாக நின்றாள். ஆனந்தனின் மனைவி கலா வாசற்படிக்குள் பாதி மறைந்து நின்றாள். ஆனந்தன் பனியனோடு வெளியே வந்தான்.

"ஆனந்தா, இவங்க ஆரு?" என்றார் டீச்சர்.

"இன்னா டீச்சர், உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும்யா. நீ சொல்லி நான் எழுதணும். ஆரு?"

"தங்கச்சி."

"கூடப் பொறந்ததா?"

"ம்."

"உயிரோட கீறாங்களா?"

குழாயடியில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஆனந்தன் தரையைப் பார்த்தான். "அது வந்து டீச்சர், ஆரோ தப்பா எழுதிக் குடுத்து..."

"கையெழுத்து உன்னுது."

"வாயத் தொறந்து சொல்லு" என்றாள் சுலோச்சனா. "குடத்துல தண்ணி வியுற சத்தம் ஜாஸ்தியா கீது. அவங்களுக்குக் கேக்கணும்."

"கீது" என்றான் ஆனந்தன். "உயிரோடதான் கீது."

"இன்னொரு வாட்டி."

"சுலோ, பேஜார் பண்ணாத."

"செத்தவ கேக்கறேன். இன்னொரு வாட்டி சொல்லு."

சொன்னான். சரசு குழாயை மூடினாள். தெருவில் எல்லோருக்கும் கேட்டது.

அத்தோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். டீச்சர் பேனாவை மூடப் போனபோது சுலோச்சனா, "எங்கம்மா பேர எடுக்கணும் டீச்சர். அதுக்கு ஒரு பாரம் குடுங்க" என்றாள். ஆனந்தன் நிமிர்ந்து பார்த்தான். அதை அவன் எதிர்பார்க்கவில்லை. அவள் படியில் உட்கார்ந்து மடியில் வைத்து எழுத ஆரம்பித்தாள். பேர், கதவெண், எழுதுபவர் உறவு. உறவு என்ற இடத்தில் 'மகள்' என்று எழுதிவிட்டு அதன்மேல் இன்னொரு முறை அழுத்தி எழுதினாள். தேதியை எழுதினாள். பிறகு தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"எத்தினி மணிக்குப் போச்சு உயிரு?"

"நேரத்துக்குக் கட்டம் இல்லியேம்மா" என்றார் டீச்சர்.

"பாரத்துக்கு இல்ல டீச்சர். எனுக்கு."

ஆனந்தன், "விடியக்காலம் அஞ்சு" என்றான்.

"எத்தினி மணிக்கு எடுத்தீங்க?"

"சாயங்காலம் நாலு."

"பதினோரு மணி நேரம்." அவள் விரலை மடக்கி எண்ணவில்லை. கணக்கு ஏற்கெனவே போட்டு வைத்திருந்தது போலச் சொன்னாள். "பிளேன்னு ஒண்ணு கீதுண்ணா. பொழுதோட சொல்லியிருந்தா மத்தியானத்துல வந்து நின்னிருப்பேன். எங்கூட்டுக்காரு தாலிய வித்தாவது ஏத்தி அனுப்பியிருப்பாரு."

நாங்கள் இருவரும் அதுவரை விமானத்தில் ஏறியதில்லை. அவள் சொன்னது உண்மை. அனுப்பியிருப்பேன். படிவத்தில் கையெழுத்துப் போட்டு, மை காயும்வரை ஊதி, டீச்சரிடம் கொடுத்தாள். அம்மாவுக்கு அவள் செய்த ஒரே காரியம் அது. கொள்ளி போல அதையும் ஆனந்தனே வைத்துக்கொண்டிருந்தான். அவள் பிடுங்கிக்கொண்டாள்.

தேர்தலில் ஆனந்தனை எதிர்த்து சரசு நின்றாள். யார் நிறுத்தியது என்று சொல்ல வேண்டியதில்லை. சுலோச்சனா பத்து நாள் முன்னதாகவே ஊருக்குப் போய் சரசு வீட்டில் தங்கினாள். ஆனந்தனுக்குக் கட்டில் சின்னம் கிடைத்திருந்தது. இவள் வீடு வீடாகப் போய், "தங்கச்சிய உயிரோட பாடையில ஏத்துனவனுக்குக் கட்டில் குடுத்துக்கீறாங்க. படுத்துக்கினு கெடக்கட்டும். ஓட்டுப் போட்டு எயுப்பிடாதீங்க" என்று சொன்னாளாம். போனில் அதை எனக்குச் சொல்லிச் சிரித்தாள். அம்மா இறந்த பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டது அன்றுதான்.

வாக்கு எண்ணியபோது ஆனந்தன் மூன்று ஓட்டில் தோற்றான்.

"மூணு எதுன்னு எனுக்குத் தெரியும்" என்றாள். "ஒண்ணு நான் போட்டது. ஒண்ணு எங்கம்மா போடாதது. மூணாவது கலாவுது."

"கலா அவன் பெண்டாட்டி" என்றேன்.

"வரிசையில எனக்குப் பின்னாடி நின்னுக்கினு இருந்தா. ஒரு வார்த்தை பேசல. என் கையப் புடிச்சி ஒரு அமுக்கு அமுக்கிட்டு வுட்டா. எங்கம்மாவுக்குக் கடைசியில சோறூட்டுனவ அவதான? சாவன்னிக்கு அவன் சொன்ன பொய் அவளுக்கும்தான் வலிச்சிருக்கும்."

கலா சரசுவுக்குத்தான் போட்டாளா என்று யாருக்கும் தெரியாது. சுலோச்சனா அப்படி நம்பினாள். ஆனந்தனும் அப்படியே நம்பினான் என்றும், ஒரு மாதம் வீட்டில் யாரோடும் பேசவில்லை என்றும் சரசு சொன்னாள். ஜெயித்ததைவிட அந்தச் செய்திதான் சுலோச்சனாவுக்கு இனித்தது. அதைப் பாவம் என்று நான் அப்போது நினைத்தேன். இப்போது நினைக்கவில்லை.

நோய் வந்து எட்டு மாதம் இருந்தாள். ஊருக்குக் கூட்டிப் போகட்டுமா என்று கேட்டேன். டாக்டர்கள் ரயில் வேண்டாம் என்றார்கள். "ஓட்டு இல்லாத நாள்ல போயி இன்னா பண்றது" என்று அவளே தள்ளிப்போட்டாள். அடுத்த சித்திரையில் சட்டமன்றத் தேர்தல் வரும் என்று கணக்கு வைத்திருந்தாள். ஒரு நாள் கஞ்சி குடித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"அவனுக்கு நாலாம் நாள் சொல்லுங்க. அதுக்கு முன்ன சொன்னீங்க, எயுந்து வந்து ஒதைப்பேன்."

நான் யாரிடமும் கடுமையாகப் பேசாதவன். கம்பெனியில் என்னை 'சத்தமில்லாத சிவகுமார்' என்றுதான் அழைப்பார்கள். நாலாம் நாள் காலையில் ஆனந்தனுக்குப் போன் செய்தேன்.

"மச்சான், சுலோச்சனா போய் நாலு நாளாச்சு. உங்களுக்குச் சொன்னதாகவும், வண்டி கிடைக்கவில்லை, எடுத்துவிடுங்கள் என்று நீங்கள் சொன்னதாகவும் இங்கே எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்."

பதிலுக்குக் காத்திராமல் போனை வைத்துவிட்டேன்.

கார்த்திகையில், பட்டியலைத் திருத்த வீடு வீடாகப் படிவம் கொடுக்கிறார்கள் என்று ஆண்டாளம்மாள் பேசினார். "உங்க மச்சான் அவங்க இறந்துட்டாங்கன்னு சொல்றாரு. முன்ன ஒரு தடவ இப்படிச் சொல்லித்தான் கலாட்டா ஆச்சு. அதான் உங்களையே கேட்டுக்கலாம்னு."

"உண்மைதான் டீச்சர்" என்றேன். "ஆனால் அவர் கையெழுத்து வேண்டாம். நான் வருகிறேன்."

"அதுக்காக அவ்ளோ தூரத்துல இருந்தா? போட்டோ அனுப்புங்க, போதும்."

"வருகிறேன் டீச்சர்."

அதே ரயில். திருத்தணி வந்தபோது ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்தேன். அரக்கோணம், காஞ்சிபுரம், பெருநகர் பஸ். டீச்சரிடம் பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தேன். குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. நான் அதே படியில் உட்கார்ந்து, இறப்புச் சான்றிதழை மடியில் வைத்துக்கொண்டு எழுதினேன். பேர், கதவெண். உறவு என்ற இடத்தில் 'கணவர்'. அழுத்தி எழுதினேன்.

ஆனந்தன் தூண் பக்கத்தில் நின்றான். இளைத்திருந்தான். சட்டை போட்டிருந்தான். நான் தேதியை எழுதி முடித்ததும் மெதுவாகக் கேட்டான்.

"மாப்ள, எத்தினி மணிக்குப் போச்சு?"

குடத்தில் தண்ணீர் விழும் சத்தம் நின்றது. சரசு குழாயில் கை வைத்தபடி என்னைப் பார்த்தாள். கலா உள்ளே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நேரத்துக்குக் கட்டம் இல்லை மச்சான்" என்றேன்.

படிவத்தை டீச்சரிடம் கொடுத்தேன். கலா கொண்டுவந்த தண்ணீரைக் குடித்துவிட்டு நடந்தே பெருநகர் வந்தேன். அவன் என் பின்னால் தெருமுனைவரை வந்தான் என்று சரசு பிறகு சொன்னாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

காலை ஒன்பது இருபது. அவன் இதைப் படிக்க மாட்டான் என்பதால் எழுதுகிறேன்.