ஜோடிப் புத்தகக் கடை

எங்கள் மாமாவின் கடையில் ஒற்றைப் புத்தகம் வாங்கவே முடியாது. ஒன்று கேட்டால் இரண்டு தருவார். ஒன்று போதும் என்று சொன்னால் இரண்டையும் அலமாரியில் திருப்பி வைத்துவிட்டு, வந்தவரிடம் வெயிலைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். செக்காலை ரோட்டில் ஒரு சைக்கிள் கடையின் மாடியில் இருந்தது அந்த வாடகைப் புத்தகக் கடை. போர்டில் ஏதோ நல்ல பெயர் எழுதியிருந்தது. ஊர் அதைப் படித்ததாகத் தெரியவில்லை. காரைக்குடியில் அதற்கு ஜோடிப் புத்தகக் கடை என்றுதான் பெயர்.

அறுபதுகளின் கடைசி அது. எனக்கு ஒன்பது வயதோ பத்தோ இருக்கும். மாமா என் அம்மாவின் தம்பி. எங்கள் வீட்டில் எங்களோடுதான் இருந்தார். முப்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. பெண் கேட்டுப் போன இடத்திலெல்லாம் "மாப்பிள்ளைக்கு என்ன தொழில்?" என்று கேட்டார்கள். புத்தகக் கடை என்றதும் காப்பியைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

கடையின் வழக்கம் இதுதான். ஒரு நாவலையும், அதோடு ஏதோ ஒரு வகையில் ஒட்டுகிற இன்னொரு புத்தகத்தையும் சேர்த்துச் சணலால் கட்டி வைத்திருப்பார். கதை அல்லாத எல்லாமே மாமாவுக்கு 'விஷயப் புத்தகம்'. இரண்டும் எப்படி ஒட்டுகின்றன என்று அவர் சொல்ல மாட்டார். திருப்பிக் கொடுக்கும்போது படித்தவர்தான் சொல்ல வேண்டும்.

"கதை கேள்வி கேக்கும். விஷயப் புத்தகம் பதில் சொல்லும். ஒண்ணை மட்டும் கொண்டுபோயி என்ன செய்யப் போறீக?" என்பார்.

பேய் நாவலோடு மின்சாரம் பற்றிய புத்தகத்தைக் கட்டிக் கொடுத்ததில், எங்கள் தெருவில் ஒருவர் பேய்க்குப் பயப்படுவதை விட்டுவிட்டு ஸ்விட்சுக்குப் பயப்பட ஆரம்பித்தார். வரப்புத் தகராறில் ஒரு குடும்பமே அழிகிற நாவலோடு சட்ட விளக்கப் புத்தகம் ஒன்றைச் சேர்த்து, அண்ணன்மேல் வழக்குப் போட்டிருந்த ஒரு விவசாயிக்குக் கொடுத்தார். அவர் நாவலைத் தொடவே இல்லை. சட்டப் புத்தகத்தை வரிவரியாகப் படித்துவிட்டு அண்ணன்மேல் இன்னொரு வழக்கும் போட்டார். மாமா சளைக்கவில்லை. அடுத்த ஜோடியைக் கட்டினார்.

இந்த விளையாட்டில் நான் கெட்டிக்காரி. அதாவது, அப்படி நினைத்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடம் விட்டதும் மாடிக்கு ஓடிப்போய் அன்றைய ஜோடிகளைப் பிரித்துப் பார்த்து, அட்டையையும் முதல் பக்கத்தையும் வைத்தே சம்பந்தம் சொல்லிவிடுவேன். கப்பல் கதைக்குக் கடல் புத்தகம், திருடன் கதைக்குப் பூட்டுப் புத்தகம். பாதிக்குமேல் சரியாகவே இருக்கும். எனக்கு அப்போதே தலைக்கனம் கொஞ்சம் அதிகம். வீட்டில் யாரும் அதைத் தட்டவும் இல்லை.

கண்டரமாணிக்கத்திலிருந்து ஒருவர் வாரம் ஒரு முறை சரக்கு எடுக்கக் காரைக்குடி வருவார். தன் ஊரில் மளிகைக் கடை வைத்திருந்தவர். தன் தங்கைக்கு என்று ஒரு ஜோடி வாங்கிப் போவார். பள்ளி இறுதி வகுப்பு முடித்துவிட்டு வீட்டில் இருந்த பெண் அவள். அடுத்த வாரம் புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்கும்போது, தங்கை சொல்லியனுப்பிய சம்பந்தத்தை ஒப்பிப்பார். அவருக்கு அதில் ஒரு எழுத்தும் புரிந்திருக்காது. ஆனால் ஒரு சொல் பிசகாமல் சொல்லிவிடுவார்.

ஒருமுறை மாமா ஒரு பஞ்சத்துக் கதையோடு சமையல் புத்தகத்தைக் கட்டி வைத்திருந்தார். அதை முதலில் வாங்கிப்போன எங்கள் தெரு அம்மா ஒருவர், இது என்ன கிண்டலா என்று சண்டைக்கு வந்துவிட்டார். அதே ஜோடி கண்டரமாணிக்கம் போய்த் திரும்பியபோது அண்ணன்காரர் ஒப்பித்தார்: "கதையில அந்தப் பொம்பளை பிள்ளைகளுக்கு என்னென்ன ஆக்கிப் போடணும்னு நெனைச்சு நெனைச்சே செத்துப்போச்சாம். அதெல்லாம் இந்தப் புத்தகத்துல இருக்காம். அதனால இதைப் படிக்க முடியலையாம்."

மாமா அன்று ராத்திரி சாப்பிடும்போது அதை மூன்று தடவை சொன்னார். பசி என்கிற ஒற்றைச் சொல்லுக்குமேல் தான் எதையும் யோசிக்கவில்லை என்றார். சொல்லும்போது அவர் முகம் இருந்த விதத்தைப் பார்த்து அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா சாதம் போட்டுக்கொண்டிருந்த கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

மாமாவுக்கு அந்தப் பெண்ணைப் பிடித்திருந்தது. முகத்தைப் பார்க்காமலே, குரலைக் கேட்காமலே, ரொம்பவும் பிடித்திருந்தது. அதற்குப் பிறகு கண்டரமாணிக்கத்துக்குப் போகும் ஜோடியைத் தேர்ந்தெடுக்க மட்டும் அவருக்கு ஒரு வாரம் பிடித்தது. ஒரு நாவலோடு குடும்ப நிர்வாகம் பற்றிய புத்தகத்தைச் சேர்த்து அனுப்பினார். விஷயப் புத்தகம் மட்டும் திரும்பி வந்தது. நாவலை இன்னும் கொஞ்ச நாள் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டு அனுப்பியிருந்தாள். ஜோடியைப் பிரிக்க யாரையும் விடாத மாமா, வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டார். அம்மாவுக்கு அது போதும். அடுத்த வாரமே கண்டரமாணிக்கத்துக்கு ஆள் அனுப்பினாள்.

பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்றார் அப்பா. நகை, ரொக்கம் என்று எதையும் கேட்காத மாப்பிள்ளையை அவர்கள் மட்டும் எதற்கு விடப் போகிறார்கள்? அவளுக்கு அப்பா இல்லை. அண்ணன் உடனே சம்மதித்தார். அவளைக் கேட்டார்களா என்று எனக்குத் தெரியாது. கேட்க வேண்டும் என்று அந்த நாளில் யாருக்கும் தோன்றியதாகவும் எனக்கு நினைவில்லை.

பெண் பார்க்க நாங்கள் நாலு பேரும் பஸ்ஸில் போனோம். மாமா வெள்ளைச் சட்டைக்குக் கஞ்சி போட்டிருந்தார். அது காகிதம்போலச் சரசரத்துக்கொண்டே வந்தது. வெள்ளைப் பணியாரமும் காப்பியும் கொடுத்தார்கள். அந்த அக்கா வந்து நமஸ்காரம் செய்துவிட்டு நின்றாள். கறுப்பு, ஒல்லி, பெரிய கண். மாமா ஏறிட்டுப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார். அவர் காது சிவந்திருந்தது. நான் அதை அப்பாவுக்குச் சுட்டிக்காட்டினேன்.

தை மாதம் நிச்சயம் வைத்துக்கொள்ளலாம் என்று பெரியவர்கள் பேசி முடித்தார்கள். கிளம்பும்போது அந்த அக்கா என்னை உள்ளே கூப்பிட்டாள். சணல் கட்டிய இரண்டு புத்தகங்களை என் கையில் வைத்தாள்.

"மாமாகிட்ட குடு. இந்தத் தடவை நானே சேத்துக் கட்டியிருக்கேன், சம்பந்தத்தை அவுக சொல்லட்டும்னு சொல்லு."

நான் அதை வெளியே வந்து சத்தமாகச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். "புத்தகக்கார மாப்பிள்ளைக்கு ஏத்த பொண்ணுதான்!" என்று அம்மாவுக்கு ஒரே பூரிப்பு. அந்த அக்கா சிரிக்கவில்லை. கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மாமா பக்கத்தில் உட்கார்ந்து சணலை அவிழ்த்தேன். ஒன்று, அவள் திருப்பித் தராமல் வைத்திருந்த அதே நாவல். முதல் பக்கத்தில் மேளமும் தாலி கட்டுவதும் இருந்தன. இன்னொன்று அவளுடைய சொந்தப் புத்தகம். நர்ஸ் படிப்புக்கு வழிகாட்டி. கட்டுப் போடுகிற படங்கள், ஊசி, தெர்மாமீட்டர். கல்யாணக் கதைக்கும் காயக் கட்டுக்கும் என்ன சம்பந்தம்? நானும் எவ்வளவோ முட்டிப் பார்த்தேன். ஒன்றும் ஒட்டவில்லை. நர்ஸ் புத்தகம் நன்றாக அடிபட்டிருந்தது. ஓரமெல்லாம் மஞ்சள் விரல் தடம். ஒரு பக்கம் மட்டும் மூலை மடித்திருந்தது. அந்தப் பக்கத்தை மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"'சேர விரும்புவோர் பள்ளி இறுதித் தேர்வில் தேறியிருத்தல் வேண்டும். நல்ல உடல்நலம் உடையவராக இருத்தல் வேண்டும். மணமாகாதவராக இருத்தல்…'"

"போதும் ஆத்தா, மூடு" என்றார் மாமா.

பிறகு இரண்டையும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். குன்றக்குடி மலை வந்ததைக்கூட எனக்குக் காட்டவில்லை.

மறுநாள் காலையில் அம்மாவிடம் சொன்னார்: "அக்கா, இந்த இடம் வேணாம்."

அம்மா முதலில் விளையாட்டு என்று நினைத்தாள். பிறகு பிடித்துக்கொண்டாள். "ஏண்டா? பொண்ணுக்கு மூக்குல குறையா, முழியில குறையா?"

"குறையெல்லாம் இல்ல. எனக்குப் பிடிக்கல."

"நேத்து காது செவக்க உக்காந்திருந்தது யாரு?" என்றார் அப்பா.

அம்மா அழுதாள். எத்தனை வாசலில் உனக்காகப் பல்லைக் காட்டியிருப்பேன் என்றாள். இப்போது அந்த வீட்டுக்கு என்ன காரணம் சொல்வது, பெண்ணிடம் ஏதோ குறை என்று ஊர் பேசுமே என்றாள். மாமா அதற்கு மட்டும் நிமிர்ந்து பார்த்தார். அதை அவர் யோசிக்கவில்லை போலிருக்கிறது.

எனக்குக் காரணம் தெரியும். பஸ்ஸிலேயே கண்டுபிடித்திருந்தேன். "அந்த அக்காவுக்குப் புத்தகம் சேக்கத் தெரியலம்மா. சம்பந்தமே இல்லாம ரெண்டைக் கட்டிக் குடுத்திருச்சு. அதான் மாமா வேணாங்கிறாக" என்றேன்.

வீடே மாமாவைப் பார்த்தது. மாமா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஆமாக்கா. பிள்ளை சொல்றதுதான்" என்றார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? காரைக்குடி முழுக்கப் பரவிவிட்டது. பெண் நல்ல பெண்தானாம், அந்தக் கிறுக்கன் புத்தகத்தில் பரீட்சை வைத்து ஃபெயிலாக்கிவிட்டானாம் என்று சிரித்தார்கள். கடைக்குப் படிக்க வந்தவர்களைவிட அவரை வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அதிகம். அந்தப் பெண்ணைப் பற்றி மட்டும் ஒருவரும் ஒரு சொல் குறைவாகப் பேசவில்லை. எல்லாருக்கும் அவள்மேல் பரிதாபம்தான்.

அடுத்த வாரம் அண்ணன்காரர் மாடிப்படி அதிர ஏறி வந்தார். நான் அப்போது கடையில் இருந்தேன்.

"பொண்ணு பாக்க வந்தீகளா, பரீட்சை வைக்க வந்தீகளா? எங்க வீட்டுப் பிள்ளை உங்களுக்கு எந்த வகையில கொறைஞ்சு போச்சு?"

மாமா எழுந்து நின்று கைகூப்பினார். "உங்க தங்கச்சி மேல ஒரு கொறையும் இல்ல. புத்தி கெட்டவன் நான்தான். எங்க வேணும்னாலும் நான் அப்படிச் சொன்னதாச் சொல்லுங்க" என்றார். பிறகு மேஜையிலிருந்து நர்ஸ் புத்தகத்தை எடுத்து நீட்டினார். "இது உங்க வீட்டுப் புத்தகம். சம்பந்தம் சரியா இருக்குன்னு தங்கச்சிகிட்ட சொல்லிருங்க."

அண்ணன்காரருக்கு அது எதுவும் காதில் ஏறவில்லை. புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு இறங்கிப் போனார். அதற்குப் பிறகு மாமாவுக்கு யாரும் பெண் கொடுக்க வரவில்லை. அம்மாவும் நாளடைவில் தேடுவதை விட்டுவிட்டாள்.

அந்த நாவலை நான் படித்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம். அதில் கொடுமைக்கார மாமியார் இல்லை, குடிகாரக் கணவன் இல்லை. கணவன் தங்கமான மனிதன். கேட்டதெல்லாம் வாங்கிக் கொடுக்கிறான். அவளுக்கு என்ன வேண்டும் என்று மட்டும் கல்யாணத்துக்கு முன்னால் யாரும் கேட்கவில்லை. அவள் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சைக் குறைத்து, கடைசியில் பேசுவதையே விட்டுவிடுகிறாள். புத்தகத்தை மூடியபோது எனக்கு அந்தப் பஸ் பயணம்தான் ஞாபகம் வந்தது. கல்யாணம் நடந்தால் இந்தக் கதை, நடக்காவிட்டால் அந்தப் படிப்பு. மாமாவுக்குத் தன்மேல் இருந்த ஆசையை நம்பி, அவள் மாமாவிடமே உதவி கேட்டிருக்கிறாள். அவர் மறுத்தால்தான் உண்டு; அந்த வீட்டில் அவளால் மறுத்திருக்க முடியாது.

ஆனால் இது பிறகு வந்த புத்தி. கல்யாணம் நின்ற மறு வருஷம் கண்டரமாணிக்கத்திலிருந்து செய்தி வந்தது. நின்றுபோன கல்யாணத்துக்குப் பிறகு வேறு இடம் சரியாக அமையவில்லையாம். தங்கை வீட்டில் முடங்கிக் கிடப்பதைப் பார்க்கச் சகிக்காமல், அண்ணனே அவளை மதுரையில் நர்ஸ் படிப்பில் சேர்த்துவிட்டாராம். அம்மா அதைச் சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வீட்டோடு ராணி மாதிரி இருக்க வேண்டிய பெண், ஆஸ்பத்திரியில் ஊரார் புண்ணைக் கழுவப் போகிறாளே என்றாள். எனக்கும் அழுகையாக வந்தது. மாமாமேல் அப்படி ஒரு கோபம் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை. நேராக மாடிக்கு ஏறினேன். அவர் எதையோ கட்டிக்கொண்டிருந்தார்.

"அந்த அக்கா நர்ஸ் வேலைக்குப் படிக்கப் போயிருச்சாம். எல்லாம் உங்களாலதான் மாமா" என்றேன்.

மாமா கையிலிருந்த சணலைக் கீழே வைத்தார். "போயிருச்சா?" என்று கேட்டார். நான் சொன்னதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன்.

"என்னாலதான் ஆத்தா" என்றார். அவர் முகம் மலர்ந்திருந்தது. இப்படியும் வெட்கங்கெட்ட மனுஷன் இருப்பாரா என்று அவரை முறைத்துவிட்டு, நான் கீழே இறங்கி வந்துவிட்டேன். ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.