சொந்தக்காரர் பெயர்

தொண்ணூறுகளின் கடைசி. அபிராமபுரத்தில் ஒரு சின்ன டி.டி.பி. ஆபீஸ். அங்கே லினக்ஸ் ஓடிய ஒரே கம்ப்யூட்டரை, புதுசாகச் சேர்ந்த என் தலையில் கட்டினார்கள். அதைக் கவனித்துவந்தவர் மாரடைப்பில் போய்விட்டார். நான் அவரைப் பார்த்ததே இல்லை. அவர் மனைவிக்கு அங்கேயே கணக்கு எழுதும் வேலை கொடுத்திருந்தார்கள். ஆபீஸ் முழுக்க அவரை மாமி என்றே கூப்பிடும்.

டிஸ்க் சாகக் கிடந்தது. புது டிஸ்கில் லினக்ஸை முதலிலிருந்து ஏற்ற வேண்டும். சிடியோடு வந்த புரோகிராம்கள் திரும்ப வந்துவிடும். மாமியின் கணவர், அந்த மாமா, கையால் ஏற்றியவற்றை விட்டால் போனதுதான். மாமி நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"அவர் போட்டது ஒண்ணுகூட விட்டுடாதேம்மா. ஆத்துல வெறும் போட்டோதான் இருக்கு."

ஒவ்வொரு ஃபைலும் எந்தப் பேக்கேஜில், அதாவது சிடியில் இருந்த எந்தப் புரோகிராம் மூட்டையில், வந்தது என்று மெஷினைக் கேட்டேன். சிடியில் வந்ததற்குப் பதில் சொன்னது. மற்றதற்கு, எந்தப் பேக்கேஜுக்கும் சொந்தமில்லை என்று கையை விரித்தது. அப்படி அநாதையாக நின்றவற்றை மட்டும், ஏற்றிய ஆளைக் காட்டும் சொந்தக்காரர் பெயரோடு திரையில் வரவழைத்தேன்.

எல்லாவற்றிலும் மாமியின் பெயர்.

தமிழ் எழுத்துரு, பிரிண்டருக்கான புரோகிராம், எல்லாமே மாமி அந்த ஆபீஸ் வாசலை மிதிப்பதற்கு முன்னால் மாமா ஏற்றியவை. "நான் இதையெல்லாம் தொட்டதே இல்லையே" என்றார். பட்டப்பகல்தான். பேயாவது பிசாசாவது என்று வாய் கிழியப் பேசுகிறவள், மானிட்டருக்கு முன்னால் சிலுவை போட்டுக்கொண்டேன்.

காரணம் அப்புறம்தான் புரிந்தது. மெஷினுக்கு ஆள் என்றால் ஓர் எண், அவ்வளவுதான். நான் சேர்வதற்கு முன்பே மாமாவின் லாகின் கணக்கை நீக்கியிருந்ததால் அவர் எண் காலியாகிவிட்டது. மாமிக்கு நான் கணக்கு திறந்தபோது, பாழாய்ப்போன மெஷின் அந்த எண்ணையே எடுத்துக் கொடுத்திருக்கிறது. மாமியிடம் விளக்கிச் சொன்னேன். ஆனாலும் இரண்டு பேருக்கும் பயம் போனபாடில்லை.

புது டிஸ்கில் ஒன்று விடாமல் ஏற்றி முடித்தேன். "மாமா பேர்லயே வெச்சிடறேன் மாமி. பேர் சொல்லுங்க."

கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். வாயால் சொன்னால் புருஷன் ஆயுசு குறையும் என்று, கல்யாணமான நாளிலிருந்து "அவர்" என்றே காலம் தள்ளியவர். எழுதித் தரட்டும் என்று அவசரமாக ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டினேன்.

மாமி அதை வாங்கவில்லை.

"இனிமே சொன்னா என்ன குறைஞ்சுடப் போறது?" என்றார். பிறகு ஆபீஸுக்கே கேட்கும்படி அந்தப் பெயரைச் சொன்னார்.